ஆறாம் வகுப்புக்குப் பத்தாத சட்டை

எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டியில் சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று அணி பிரிப்பதெல்லாம் பேருக்குத்தான். சிவப்பு இல்லத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆரஞ்சு நிறச் சட்டையில் வருவார்கள். போன வருடம் மஞ்சள் இல்லத்தில் ஒருவன் தன் அப்பாவின் தைப்பூசச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி முதல் பரிசும் வாங்கினான். மலாய் நாட்டின் பேராக் மாநிலத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டத்தை ஒட்டிய சிறிய தமிழ்ப்பள்ளி அது. இந்த வருடமாவது மானத்தைக் காப்பாற்றுவது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவெடுத்து, எந்த வகுப்புக்கு எத்தனை சட்டை என்று எழுதித் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குத் தொலைநகல் அனுப்பியது. ஜூன் விடுமுறைக்கு நான் எப்படியும் இந்தியா போகிறவள். "டீச்சர், அப்படியே ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்திடுங்களேன்" என்றார் தலைமையாசிரியர். இருபத்து மூன்று வருடமாகக் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைத் தவிர எதையும் பிடித்துப் பழகாத நான் இப்படித்தான் பனியன் வியாபாரத்தில் இறங்கினேன்.

கம்பெனி முதலாளி பழனிசாமி புதன்கிழமை கார் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். கார் சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றப் போய்விட்டதால் அவரே மொபெட்டில் வந்தார். என் பெட்டி முன்னால், நான் பின்னால். ரயிலடியிலிருந்து ராயபுரத்து லாட்ஜ் வரை திருப்பூரில் உள்ள அத்தனை பேரும் எங்களுக்கு எதிரிலேயே வந்தார்கள். "வாங்கம்மணி, பயணமெல்லாம் சவுகரியமுங்களா?" என்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் மூன்று லாரிகளும் ஒரு மாட்டு வண்டியும் எங்களை உரசிப் போய்விட்டன.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி சரஸ்வதிக்கு மூலனூர் பிறந்த ஊர். முருங்கைக்காய்ச் சந்தைக்குப் பேர்போன ஊராம். சாம்பாரில் முருங்கைக்காய், பொரியலில் முருங்கைக்கீரை, ரசத்தில் மட்டும் போட மறந்துவிட்டார் போலிருந்தது. எனக்கு எதிரே அவர்களுடைய மூன்றரை வயது மகன், கழுத்தில் டையும் காலில் பூட்ஸுமாக, தட்டில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அன்றுதான் எல்.கே.ஜி.யில் சேர்ந்திருக்கிறான்.

"எல்.கே.ஜி.க்கே இன்டர்வியூங்க" என்றார் பழனிசாமி. "பையன் ஏ பி சி டி சொல்லிப்போட்டான். அப்புறம் எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுக் கேட்டாங்க. அவன் பாசு, நான் பெயிலுங்க. சம்சாரம் டிகிரிங்கறதால சீட்டு கெடச்சுது."

எங்கள் தோட்டத்தில் மூன்றரை வயதுப் பிள்ளை கால்சட்டை போட்டிருந்தாலே பெரிய சாதனை. இதை நான் வாய்விட்டுச் சொன்னதும் சரஸ்வதி சிரித்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார். தூக்கத்திலும் அவன் டையை விடவில்லை.

வியாழக்கிழமை மங்கலம் சாலையில் இருந்த கம்பெனிக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்தபோது கட்டிங் மாஸ்டர் ஒரு தையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்: "உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?" எங்கள் ஊரில் அமைச்சரை வரவேற்கும்போதுகூட இவ்வளவு மரியாதை வராது. மேஜையின்மேல் எங்கள் சட்டைகள் நான்கு நிறத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பள்ளியின் பெயரை மட்டும் நான் பார்த்த பிறகு அச்சிடலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு என்று கட்டியிருந்த கட்டிலிருந்து ஒன்றை உருவித் தூக்கிப் பார்த்தேன். சின்னதாகத் தெரிந்தது.

"அளவெல்லாம் கரெக்ட்டுங்க" என்றார் மாஸ்டர். "புள்ளைங்க யாராச்சும் இருந்தா போட்டே பாத்துப்போடலாம்."

தைத்த துணியில் ஓட்டை, அழுக்கு பார்க்கும் செக்கிங் மேஜையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், பெயர் மரியபுஷ்பம். "எம் மவ கீழதான் நிக்கா. சோறு கொண்டாந்திருக்கா. வரச் சொல்லட்டா?"

தூக்குவாளியோடு மேலே வந்தவள் பெயர் ரெஜினா. ஒல்லி, ஆனால் உயரம். கவுனுக்கு மேலேயே சட்டையை மாட்டினாள். தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை. ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயும் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"வயசு என்ன?" என்றேன்.

"பன்னெண்டு முடிஞ்சிட்டு."

"அதாம் பாருங்க!" என்றார் மாஸ்டர் நிம்மதியாக. "பன்னெண்டுன்னா ஏழாவதுங்க. ஆறாவது புள்ளைக்குப் பத்தரை, பதினொண்ணுதான் இருக்கும்."

"இல்லைங்க, பன்னிரண்டு வயதுதான் ஆறாம் வகுப்பு. ஏழு வயதில் ஒன்று, பன்னிரண்டில் ஆறு" என்றேன்.

"ஏழு வயசுலயா ஒண்ணாவது? அஞ்சு முடிஞ்சா ஒண்ணாவதுங்களே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் வகுப்பை எழுதி அனுப்பியிருந்தோம். பிள்ளைகளின் சட்டையை வயது வைத்துத்தான் வெட்டுவார்கள் என்பதால், அவர் வகுப்போடு ஐந்தைக் கூட்டி வயதாக்கி வெட்டியிருக்கிறார். அவர் கூட்டலில் தப்பில்லை, எங்கள் பட்டியலிலும் தப்பில்லை. உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வயதில்தான் பள்ளிக்கூடத்துப் படி ஏறும் என்று நாங்களும் நினைத்திருந்தோம், அவரும் நினைத்திருந்தார். முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை அத்தனை சட்டையும் சின்னது.

பக்கத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்த பீகார்க்காரர் இந்தியில் ஏதோ கேட்டார். மாஸ்டர் மொழிபெயர்த்தார்: "என் பையனுக்கு ஏழு வயசு, அப்ப அவன் எந்த வகுப்புன்னு கேக்கறாருங்க." இங்கே என்றால் இரண்டு, எங்கள் ஊரில் ஒன்று என்றேன். அவருடைய ஊரில் எது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறதாம். இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தார்.

பழனிசாமி தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு வழி சொன்னார். இரண்டாம் வகுப்புக்கு வெட்டியதை ஒன்றாம் வகுப்புக்குக் கொடுப்பது, மூன்றுக்கு வெட்டியதை இரண்டுக்கு. இப்படியே ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டால் ஆறாம் வகுப்புக்கு மட்டும் புதிதாகத் தைத்தால் போதும். "சனிக்கெழம ராத்திரிக்குள்ள முடிச்சுத் தாரமுங்க." மிச்சமாகும் பொடிச் சட்டைகளைப் பக்கத்துப் பால்வாடிக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

எல்லாம் முடிந்தது என்று ரெஜினாவின் தலையிலிருந்து சட்டையை உருவிக்கொண்டே, "நீ எந்த வகுப்பும்மா?" என்று கேட்டேன். ஆசிரியர் புத்தி. அவள் தரையைப் பார்த்தாள்.

"ஒரு வகுப்பும் இல்ல டீச்சர்" என்றார் மரியபுஷ்பம். உப்பளத்தில் கணவருக்கு வேலை நின்றுபோனதும் குடும்பத்தோடு இங்கே வந்திருக்கிறார்கள். ரெஜினா அப்போது ஐந்தாம் வகுப்பு அரைப் பரீட்சை எழுதியிருந்தாள். அதோடு சரி. தாயும் தகப்பனும் ஷிப்டுக்குப் போக, கைக்குழந்தையாக இருந்த தம்பியை ஒன்றரை வருடம் இவள்தான் பார்த்துக்கொண்டாள். இந்த ஜூனில் தம்பிக்கு மூன்று வயதாகிப் பால்வாடியில் சேர்ந்துவிட்டான். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. "இனி இவளும் போலாம். இவதான் மாட்டேங்கா. பக்கத்துப் பட்டறையில திங்கக்கிழமையிலேருந்து கைமடிக்குக் கூப்பிடுதாவ, அதுக்குப் போறேங்கா." தையல்காரருக்குத் துணியை மடித்து மடித்துக் கொடுக்கும் வேலைக்குத்தான் கைமடி என்று பெயர்.

"நம்ம கம்பெனில சின்னப் புள்ளைகளைச் சேக்கறதில்லீங்க" என்றார் பழனிசாமி அவசரமாக. "ஆனா எல்லா எடமும் நம்ம கம்பெனி இல்லீங்களே."

"அஞ்சாவதுலதான் போடுவாவ" என்றாள் ரெஜினா. "எங்க லைன் வீட்டுல மகேஸ்வரின்னு ஒரு பொடிப் புள்ள அஞ்சாவது. நான்தான் அவளுக்குச் சடை பின்னிவிடுதேன். அவ பக்கத்துல நான் போய் உக்காரணுமா?" பிறகு என்னைப் பார்த்தாள். "டீச்சர், உங்க ஊர்ல இருந்தா நான் இப்ப ஆறாவதுதானா?"

"ஆமாம். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை."

"அப்பம் ஆறாவதுல சேத்தா போறேன்."

ஊர்ப் பஞ்சாயத்தைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளும் குணம் எனக்கு உண்டு. நாளைக்கு நானே பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மரியபுஷ்பம் அரை நாள் விடுப்புச் சொன்னார். மூவரும் டவுன் பஸ் ஏறினோம். ரெஜினா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் எப்படி என்று ஒவ்வொரு படியாகக் கேட்டாள். ஐந்து, ஆறு வயதில் பாலர் பள்ளி. ஏழு வயதில் முதல் வகுப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ, பிடிக்கிறதோ, அதன்படி தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, மலாய்ப்பள்ளி. ஆறாம் வகுப்பு முடிவில் ஓர் அரசாங்கத் தேர்வு. பிறகு எல்லாரும் ஒரே இடைநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும், அங்கே பாடமெல்லாம் மலாயில், வகுப்புக்குப் படிவம் என்று பெயர். மூன்றாம் படிவத்தில் ஒரு தேர்வு, ஐந்தாம் படிவத்தில் ஒரு தேர்வு, ஆறாம் படிவம், அப்புறம் பல்கலைக்கழகம். நான் கையை மேலே மேலே உயர்த்திச் சொல்லிக்கொண்டு போனேன். முன் இருக்கைக்காரர்கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்டார்.

"நீங்களும் அப்படியே நேரா ஏறிப் போனியளா டீச்சர்?"

"நேராகத்தான்" என்றேன்.

அது பொய். ஆறாம் வகுப்புக்கும் முதல் படிவத்துக்கும் நடுவே எங்களுக்கு ஒரு படி உண்டு. புகுமுக வகுப்பு என்று பெயர். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு மலாய் போதாது என்று ஒரு வருடம் தனியாக உட்கார வைத்தார்கள். மலாயில் தேறாதவர்களுக்கு இன்றும் அது உண்டு. பக்கத்து வீட்டு லதா பட்டணத்து மலாய்ப்பள்ளியில் படித்ததால் நேரே முதல் படிவம் போனாள். அதுவரை ஒரே வயது, ஒரே வகுப்பு. அன்றிலிருந்து அவள் எனக்கு ஒரு வருடம் மூத்தவளாகிவிட்டாள். யார் கேட்டாலும் அந்த வருடத்தை நான் சொல்வதில்லை. வாய் தானாகவே தாண்டிவிடும்.

நான் பல்கலைக்கழகத்திலிருந்து இறங்கியபோது பஸ் மங்கலத்தில் நின்றது. விசைத்தறிகளின் சடசடச் சத்தத்தில் கண்டக்டர் திட்டியது சரியாகக் கேட்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போயிருந்தது. "நாங்க ரெண்டு பேரும் உங்க பேச்சக் கேட்டுட்டே இருந்துட்டோம்" என்று மரியபுஷ்பம் பழியைப் பாதி தன்மேல் போட்டுக்கொண்டார். எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு நேரம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாம்பார் சாதமும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டைத் தவிர வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவர வேண்டாமாம். எங்கள் பள்ளியில் சிற்றுண்டிச்சாலையில் காசு கொடுத்து வாங்க முடியாத பிள்ளைகள் தண்ணீர்க் குழாயருகே போய் நிற்பது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த முட்டையின்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

தலைமையாசிரியை நல்ல மாதிரி. "டி.சி. இல்லாட்டிப் பரவாயில்லீங்க, அம்மா எழுதிக் குடுத்தாப் போதும்" என்றார். ரெஜினாவிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். அவள் தங்குதடையில்லாமல் வாசித்தாள். பின்னக் கணக்கு ஒன்று எழுதினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வகுத்தல் ஒன்று எழுதினார். பாதியில் நின்றுவிட்டது.

"அஞ்சாவதுல உக்காரட்டுங்க" என்றார் தலைமையாசிரியை. "ஆறாவதுல வெச்சா மொதப் பரீட்சையோட நின்னுக்குவா. நான் எத்தனை புள்ளைகளப் பாத்திருக்கறேன்."

நான் எங்கள் நாட்டுக் கதையை எடுத்துவிட்டேன். பன்னிரண்டு வயது, ஆறாம் வகுப்பு, ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "ஏனுங்க டீச்சர், உங்க பள்ளிக்கூடமா இருந்தா நீங்க எங்கீங்க உக்கார வெப்பீங்க?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. ரெஜினா புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். "திங்கக்கெழம பிரேயருக்கு வந்தாச் சேத்திக்கறேன். அன்னைக்கு ரிஜிஸ்டர் முடிச்சாகோணுங்க" என்றார் தலைமையாசிரியை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இறங்கும் இடத்தில் சரியாக இறங்கினோம். "நீங்க என்ன செய்வியளோ பாவம்" என்றார் மரியபுஷ்பம். "கைமடிக்கே போட்டும்." நேற்றுவரை ஐந்தாம் வகுப்புக்கு மாட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, ஆறாம் வகுப்பு உனக்குப் பாத்தியம் என்று ஏற்றிவிட்டது நான்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தாய் கெஞ்சியாவது அனுப்பியிருப்பார். அன்றிரவு ராயபுரத்தில் பரோட்டா சாப்பிட்டேன். நன்றாக இருந்ததாகத்தான் ஞாபகம்.

சனிக்கிழமை மதியம் மறுபடி பழனிசாமி வீடு. அரிசியும் பருப்பும் சேர்த்து வடித்த சாதம், மேலே நெய். எளிமையான சாப்பாடு, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவர்களுடைய மூத்த மகள் சௌம்யா அன்றுதான் எழுந்து வந்து உட்கார்ந்தாள். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இரண்டு வருடம் பிளஸ் டூ முடித்துவிட்டு, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிறாள். விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பிவிடுவார்களாம். அந்தத் தூக்கத்தையெல்லாம் இப்போது வட்டியோடு தூங்குகிறாள்.

"பதினொன்றாம் வகுப்பில் என்ன படித்தாய்?" என்று கேட்டேன்.

"பதினொண்ணாவதே படிக்கலீங்க ஆன்ட்டி. ரெண்டு வருசமும் பன்னெண்டாவது புக்குத்தான். அப்படியொரு வருசம் இருந்துச்சான்னே எனக்கு ஞாபகமில்லீங்க."

மார்க் வாங்க வேண்டும் என்பதற்காக ஒரு முழு வகுப்பையே விழுங்கிவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. ஒரு சொற்பொழிவுக்கு வாயைத் திறந்தவள் பாதியில் மூடிக்கொண்டேன். நான் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? படித்த வருடத்தையே படிக்கவில்லை என்று ஆக்கியவள்தானே நானும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மாதா கோயில் பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு லைன் வீட்டுக்குப் போனேன். வரிசையாகப் பத்து அறைகள், எதிரே ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. ரெஜினா துணி அலசிக்கொண்டிருந்தாள். தம்பி, எங்கள் முதல் வகுப்புக்குப் பத்தாமல் போன மஞ்சள் சட்டையை முழங்கால் வரைக்கும் போட்டுக்கொண்டு சுற்றி வந்தான்.

"வெயில்ல எதுக்கு டீச்சர் வந்திய?"

"உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். புகுமுக வகுப்பைச் சொன்னேன். லதா படிவம் ஒன்றின் புதுப் புத்தகங்களோடு என் வீட்டைத் தாண்டிப் போனதையும், அவள் கண்ணில் படாமலிருக்க நான் கோழிக்கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். தலைமையாசிரியை கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், ஐந்தாம் வகுப்பில்தான் உட்கார வைத்திருப்பேன் என்பதையும் சொன்னேன். வாசலில் நின்றுகொண்டிருந்த மரியபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எதுக்கு மறச்சிய?" ரெஜினாவுக்குக் கோபம்.

"வெக்கம்."

"உங்களுக்கு இப்ப எத்தன வயசு?"

"நாற்பத்தாறு."

"அப்ப எத்தன?"

"பதிமூன்று."

அவள் ஈரக்கையில் விரல்விட்டு எண்ணினாள். கழித்தல் அவளுக்கு நன்றாக வருகிறது. "ஒரு வருசத்துக்காண்டி முப்பத்தி மூணு வருசமாவா டீச்சர் வெக்கப்பட்டிய?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இத்தனை வருடம் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேனே என்று இருந்தது.

நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை, சட்டை மூட்டைகள் லாரி செட்டுக்குப் போய்விட்டன. எனக்குப் பத்து மணி ரயில். ஆட்டோக்காரரிடம் பள்ளிக்கூடம் வழியாகப் போகச் சொன்னேன். "அது எதுத்த தெசைங்களே" என்றார். பரவாயில்லை என்றேன். வழியில் கம்பெனி வேன்கள் மறித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றோம். கைமடிக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு சாலையைக் கடந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

நாங்கள் போனபோது பிரேயர் ஆரம்பித்திருந்தது. வகுப்புக்கு ஒரு வரிசை, உயரப்படி. முதலில் ஏழாம் வகுப்பு வரிசையைப் பார்த்தேன், பிறகு ஆறாம் வகுப்பு. இல்லை. ஐந்தாம் வகுப்பு வரிசையின் கடைசியில், தனக்கு முன்னால் நிற்பவளைவிட ஒரு தலை உயரமாக, யாருடையதோ பழைய சீருடையில் ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். கணுக்கால் தெரியும் பாவாடை. குனியவில்லை, நிமிர்ந்து நின்றாள்.

கேட்டருகே ஆட்டோ நின்றதைப் பார்த்துவிட்டாள். பிரேயரில் கையை அசைத்தால் அடி விழும், எங்கள் ஊரிலும் அப்படித்தான். அவள் தலைமையாசிரியையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அப்புறம் கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஐந்து விரலையும் விரித்து எனக்குக் காட்டினாள்.

நானும் ஆட்டோவிலிருந்து கையை நீட்டி ஐந்து விரலையும் காட்டினேன். அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"தெரிஞ்ச பொண்ணுங்களா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"என்கூடப் படிச்ச பொண்ணுங்க" என்றேன்.